நரம்பு டாக்டர்

திருப்பதி
19-4-98

அம்சவேணிக்கு,

எத்திராஜ் எழுதிக்கொள்வது. நான் நலம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். உன் வீட்டில் எல்லோரும் நலமா என்று கேட்க வேண்டும். உன் அண்ணனைத் தவிர மற்ற எல்லோரையும் கேட்டதாக வைத்துக்கொள்.

நீ போய் இரண்டு வாரம் ஆகிறது. உன் அண்ணன் தணிகாசலம் வந்து உன்னை அழைத்துக்கொண்டு போனதுகூட எனக்குப் பெரிதில்லை. தங்கச்சியைப் பத்து நாள் அழைத்துப் போகிறேன் என்று சொல்லியிருந்தால் பஸ் ஏற்றிவிட்டே வந்திருப்பேன். ஆனால் வாசலில் நின்றுகொண்டு, "எந் தங்கச்சிய வெச்சிக்கினு வாழத் தெம்பு இல்லன்னா மொதல்லயே சொல்லியிருக்கலாமேடா" என்று கத்தினாரே, அதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. குவைத்திலிருந்து லீவில் வந்தவர், நம் வரிசை வீடுகளில் நடுச்சுவர் எவ்வளவு மெல்லியது என்பதை மறந்துவிட்டார். பக்கத்து வீட்டுச் சந்திரம்மா இப்போது என்னைப் பார்த்தால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள். அவள் புருஷன் அதற்கு மேல். இரண்டு வருஷமாக என்னிடம் பேசாதவர், இப்போது கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுக்கிறார்.

உன் அண்ணன் என்னை அந்த லாட்ஜ் படியில் பார்த்தது நிஜம்தான். சவாரிக்கு ஒரு பார்ட்டியை ஏற்றப் போயிருந்தேன். என்னிடம் இருந்த பாட்டில் அந்தப் பார்ட்டியுடையது. இவ்வளவுதான் விஷயம்.

எழுத்து கோணலாக இருக்கும். சுமோ பானட் மேல் வைத்து எழுதுகிறேன். அமாவாசைக்கு முன்னால் வந்துவிடு. நான் வந்து அழைக்க வேண்டும் என்றால் அதையும் எழுது. உங்கள் வாசலில் வந்து நிற்க எனக்கு முகம் இல்லை, இருந்தாலும் வருகிறேன்.

எத்திராஜ்


நகரி
24-4-98

மாமாவுக்கு,

அம்சவேணி எழுதியது. உங்கள் கடிதத்தைத் தபால்காரர் என் நைனா கையில் கொடுத்தார். அண்ணன் "பிரி, இன்னா எழுதிக்கிறான்னு பாக்கலாம்" என்றார். நைனா பிரிக்காமல் என்னிடம் கொடுத்துவிட்டார். ஆனால் உறைமேல் கோணலாக இருந்த விலாசத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "குடிக்கிறாராம்மா?" என்று மட்டும் கேட்டார்.

பானட் மேல் வைத்து எழுதினேன் என்கிறீர்கள். கல்யாணத்துக்கு முன்னால் எனக்கு எழுதின கடிதமும் பானட் மேல் வைத்து எழுதியதுதான், அப்படித்தான் அதில் எழுதியிருந்தீர்கள். அது அச்சடித்த மாதிரி இருந்தது. இதில் என் பெயரையே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அப்புறம் அந்தப் பார்ட்டி. பார்ட்டியின் லேகியப் பாட்டிலை டிரைவர் பேப்பரில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டா இறங்குவார்? பொய் சொல்வதென்றால் கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள் மாமா, கேட்கிறவளுக்கும் ஒரு மரியாதை இருக்கிறது.

என் மனசில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். பொங்கலிலிருந்து நீங்கள் வீட்டில் படுக்கவில்லை. நைட் டிரிப் என்றீர்கள். வண்டி ராத்திரி முழுக்க ஸ்டாண்டில்தான் நிற்கிறது, அதில்தான் படுக்கிறீர்கள் என்று உங்கள் சிநேகிதர் ஹரிபாபு வாய் தவறி என்னிடம் சொல்லிவிட்டார். நான் கேட்கவில்லை. கேட்டு, நீங்கள் ஒரு பதில் சொல்லிவிட்டால் அதோடு நான் எப்படி இருப்பது? உகாதிக்கு என் நைனா வந்தபோது பாதிச் சாப்பாட்டில் இலையைத் தள்ளிவிட்டு எழுந்தீர்கள். பெண்ணைக் கொடுத்தவர் எதிரில் அப்படி எழுந்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாதா? பாவம், அவர் கையில் எடுத்த சோற்றைப் போட்டுவிட்டுத் தானும் எழுந்துவிட்டார். நான் உங்களுக்கு என்ன குறை வைத்தேன்?

இங்கே நடந்தது இது. வந்த அன்றைக்கே அம்மாவும் அத்தையும் கதவைச் சாத்திக்கொண்டு, "அண்ணன் சொல்றது நெசமாடி?" என்று கேட்டார்கள். தலையைக் குனிந்துகொண்டேன். அதையே பதிலாக எடுத்துக்கொண்டார்கள். வைகாசி முதல் ஞாயிறு, மே பதினேழு, பெரியவர் பாலசுந்தரம் வீட்டில் நாலு பேரை வைத்து நம் கல்யாணத்தைத் தீர்த்துவிடுவது என்று பேசியிருக்கிறார்கள். உங்களுக்கும் ஆள் வரும்.

அம்சவேணி


திருப்பதி
30-4-98

அம்சா,

என்ன குறை வைத்தேன் என்று கேட்டிருக்கிறாய். அதைப் படித்த பிறகு மறைக்க எனக்குத் தெம்பு இல்லை. உன் அண்ணன் சொன்ன தெம்பு இல்லை, இது வேறு.

தீபாவளி சமயத்தில் வலதுகை சுண்டுவிரலும் அதற்குப் பக்கத்து விரலும் மரத்துப்போக ஆரம்பித்தன. கை மடங்கித் தூங்கியிருப்பேன் என்று உதறிவிட்டு வேலையைப் பார்த்தேன். அப்புறம் சட்டைப் பித்தான் போட முடியவில்லை. சாவியைத் திருப்ப இடதுகையைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. பொங்கலுக்கு முன்னால் ஒருநாள் சூடான ரேடியேட்டரில் அந்த விரல் பட்டிருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை. சாயங்காலம் கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. தொட்டால் உணர்ச்சி இல்லையா, உடனே காட்டுங்கள் என்று சுவரில் எல்லாம் எழுதியிருப்பார்களே, குஷ்டத்துக்கு. அதுதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

அன்றிலிருந்துதான் வண்டியில் படுத்தேன். உன்மேல் வெறுப்பு இல்லை அம்சா. உனக்கு ஒட்டிவிடுமோ என்று பயம். உன் டம்ளரில்கூட நான் தண்ணீர் குடிக்கவில்லை.

உகாதி அன்று என்ன நடந்தது தெரியுமா? இந்த விரல்கள் ஒன்றோடொன்று சேரமாட்டேன் என்கின்றன. சோற்றைப் பிசைந்து எடுத்தால் இடுக்கு வழியாகக் கொட்டுகிறது. உன் நைனா எதிரில் இரண்டு வாய் எடுத்தேன், இரண்டும் வேட்டியில் விழுந்தது. அவர் பார்த்துவிட்டார். அடுத்த வாய்க்கு நான் எழுந்துவிட்டேன். கோபக்காரன் என்று நினைத்தால் நினைக்கட்டும், நோயாளி என்று மட்டும் நினைக்க வேண்டாம் என்று தோன்றியது. மாமனாரை அவமானப்படுத்தியவன் என்ற பெயர் அப்போது எனக்குச் சுலபமாக இருந்தது.

அதற்கு அடுத்த வாரம் மலையிலிருந்து இறங்கும்போது ஒரு வளைவில் ஸ்டீரிங் கைக்குள் வழுக்கியது. பின்னால் மொட்டை போட்ட குழந்தைகளோடு ஒரு குடும்பம் கோவிந்தா போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வண்டி பக்கச்சுவரில் உரசி நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் என்னைத் திட்டவில்லை. நான்தான் காப்பாற்றினேன் என்று நினைத்து இறங்கும்போது எனக்கு லட்டு கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். இதை எழுதும்போதும் கூசுகிறது. மறுநாளே சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டேன். இப்போது ஸ்டாண்டில் இடதுகையால் வண்டி கழுவுகிறேன்.

அந்த வாரம்தான் மருந்துக் கடையில் விசாரித்தேன். தெலுங்கில் கேட்டேன், "நரால டாக்டர் எக்கட?", நரம்பு டாக்டர் எங்கே என்று. கடைக்காரன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக் கல்யாணம் ஆகிவிட்டதா என்றான். கைக்கும் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆகிவிட்டது என்றேன். ஒரு சீட்டைக் கொடுத்தான். 'நரால பலஹீனத' என்று பெரிய எழுத்து, பஸ் ஸ்டாண்டு எதிரில் லாட்ஜ் பெயர், ஞாயிறு மட்டும். என் கை பலஹீனமாகத்தானே இருந்தது? நரம்புத் தளர்ச்சி என்றால் ஜனங்கள் எதைச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாதா என்ன, பஸ்ஸில் எல்லாம் ஒட்டியிருக்கிறதே. ஆனால் குஷ்டம் என்ற பயத்தில் இருந்தவனுக்கு அது மண்டையில் ஏறவில்லை.

அந்த டாக்டர் ஊர் ஊராகப் போகிறவர், தமிழ்க்காரர். கதவைச் சாத்தச் சொன்னார். நான் கையை நீட்டினேன். "கை கெடக்கட்டும் தம்பி, வெக்கப்படாம விஷயத்துக்கு வா" என்றார். நான் மறுபடியும் கையை நீட்டினேன். கடைசியில் உடம்பில் ஓடுவது எல்லாம் ஒரே நரம்புதான் என்று சொல்லி ஒரு லேகியத்தைத் தலையில் கட்டினார். அதோடு படியிறங்கினால், மொட்டைத் தலையில் சந்தனத்தோடு உன் அண்ணன். அந்த டாக்டர் பெயர்ப் பலகைக்கு நேர் கீழே. கைக்காக வந்தேன் என்று சொன்னால் கையைக் காட்டச் சொல்வார். காட்டினால் அந்த வியாதி என்று கண்டுபிடித்துவிடுவார். வாயை மூடிக்கொண்டேன்.

போன கடிதத்துக்கு அப்புறம் ஹரிபாபு என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனான். அங்கே டாக்டரம்மா கண்ணை மூடச் சொல்லி, பஞ்சாலும் ஊசியாலும் உடம்பு முழுக்கத் தொட்டுப் பார்த்தார். "ஆ ரோகம் காது" என்றார், அந்த நோய் இல்லையாம். அப்படியே இருந்தாலும் மாத்திரையில் போய்விடும், இதற்கா ஒளிந்தாய் என்று திட்டினார். முழங்கையின் உள்பக்கம் எலும்புக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருக்கிறதே, இடித்துக்கொண்டால் கரண்ட் அடிக்குமே, அங்கே சுத்தியால் லேசாகத் தட்டினார். சுண்டுவிரல் நுனி வரைக்கும் சுரீர் என்றது. சுண்டுவிரலுக்குப் போகிற நரம்பு அந்தப் பள்ளம் வழியாகத்தான் போகிறதாம், அது அங்கே நசுங்கியிருக்கிறதாம். என்ன வேலை என்றார். டிரைவர் என்றேன். வலது முழங்கையை ஜன்னல் மேல் வைத்துக்கொண்டு ஓட்டுவாயா என்றார். எட்டு வருஷமாக அப்படித்தான் ஓட்டுகிறேன். எப்படிப் படுப்பாய் என்றும் கேட்டார். கொஞ்ச நாளாக வண்டி சீட்டில், கையை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு என்றேன். அதுதான் இவ்வளவு சீக்கிரம் கெடுத்துவிட்டது, ராத்திரி முழுக்க மடங்கினால் அந்த நரம்பு இன்னும் இழுபடும் என்றார். உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று போய்ப் படுத்து என் கையைக் கெடுத்துக்கொண்டேன்.

எல்லாம் சொல்லிவிட்டேன். இனி நான் ஒன்று கேட்கிறேன். ஊரார் என்னவோ நினைக்கட்டும். உன் அண்ணன் பலகையைப் பார்த்தார், நினைத்தார். உனக்குமா தெரியாது? கதவைச் சாத்திக்கொண்டு கேட்டபோது எப்படித் தலை குனிந்தாய்?

எத்திராஜ்


நகரி
6-5-98

மாமா,

உங்கள் கடிதத்தை மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து படித்தேன். பதில் எழுதுவதற்கு இத்தனை நாள் ஆகிவிட்டது. நாலு முறை எழுதிக் கிழித்தேன். ஒவ்வொன்றிலும் என்னை நல்லவளாகவே எழுதியிருந்தேன்.

தெரியும் மாமா. எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? அண்ணன் சொன்னது பொய் என்று அவர் வாயைத் திறக்கும்போதே தெரியும். தெரிந்தேதான் தலை குனிந்தேன்.

மூன்று மாசமாக நீங்கள் என் பக்கம் திரும்பவில்லை. நான் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து என்ன குறை என்று தேடிக்கொண்டிருந்தேன். கறுத்துவிட்டேனா, வாய் நாறுகிறதா, வேறு யாராவது இருக்கிறாளா என்றெல்லாம். அப்போது அண்ணன் வந்து, அவனுக்கு வியாதி என்றார். மாமா, எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? புருஷனுக்குப் பிடிக்காதவள் என்று இருப்பதைவிட, முடியாத புருஷனைக் கட்டியவள் என்று இருப்பது மேல். முதலாவது என் குற்றம். இரண்டாவது உங்கள் குற்றம். அதனால் குனிந்துகொண்டேன். நான் பொய் சொல்லவில்லையே, சும்மாதானே இருந்தேன் என்று சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

அதற்கு அப்புறம் இங்கே எனக்கு நடந்த உபசாரத்தைச் சொன்னால் காறித் துப்புவீர்கள். இரண்டு வருஷமாக, "இன்னும் ஒண்ணும் இல்லியா?" என்று என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்த அத்தை, இப்போது என் தலையைத் தடவி, "வாடி எங்கண்ணு, துன்னு, எளைச்சிப் பூட்ட" என்று நெய் ஊற்றுகிறாள். ஊரில் யாரும் என்னை ஒன்றும் கேட்பதில்லை. எல்லோருக்கும் நான் பாவப்பட்டவள். அந்த நெய்யைச் சாப்பிட்டேன் மாமா. ஒருநாள் இல்லை, தினமும் சாப்பிட்டேன். நீங்கள் அங்கே சோற்றை வாயில் வைக்க முடியாமல் இருந்திருக்கிறீர்கள்.

இப்போது நான் போய் அது பொய் என்று சொன்னால், அப்படியென்றால் ஏன்டி அன்றைக்குத் தலை குனிந்தாய் என்று கேட்பார்கள். அதற்கு என்ன பதில் சொல்வேன்? எனக்குப் பயமாக இருக்கிறது.

டாக்டரம்மா என்ன சொல்கிறார்கள்? கை வருமா? அதை மட்டுமாவது எழுதுங்கள்.

அம்சவேணி


திருப்பதி
11-5-98

அம்சா,

இடதுகையால் எழுதுகிறேன். கொஞ்சமாகத்தான் எழுத முடியும். எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

திங்கட்கிழமை, பதினெட்டாம் தேதி ஆபரேஷன். அந்தப் பள்ளத்தைத் திறந்து, நரம்பை நசுக்குகிறதை விலக்கிவிடுவார்களாம். நரம்பு தானாக வளர வேண்டுமாம், மாசத்துக்கு ஓர் அங்குலம்தான் வருமாம். உணர்ச்சி வரலாம். பிடி முழுக்க வருமா என்று தெரியாது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதை வற்றிக் குழி விழுந்திருக்கிறது, அது திரும்புவது சந்தேகம். மலைக்கு ஓட்ட இனி யாரும் என்னிடம் வண்டி தரமாட்டார்கள். தரவும் கூடாது.

அதனால் யோசித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். பெரியவர் கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்தக் குறை இருக்கிறது என்று நாலு பேர் முன்னால் நானே ஒத்துக்கொள்கிறேன். உன்மேல் ஒரு சொல் வராது. ஏன் தலை குனிந்தாய் என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள். உனக்கு இருபத்து மூன்று வயது, உன் அண்ணன் நல்ல இடமாகப் பார்ப்பார். ஒற்றைக் கைக்காரனோடு நீ ஏன் கிடந்து சாக வேண்டும்?

எனக்கு இதில் நஷ்டம் இல்லை. அந்தப் பெயர் எப்படியும் வந்துவிட்டது. சந்திரம்மா புருஷன் இன்றைக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

கை வலிக்கிறது, நிறுத்துகிறேன்.

எத்திராஜ்


நகரி
14-5-98

மாமாவுக்கு,

யாரைக் கேட்டு என்னை இன்னொருவனுக்குக் கொடுக்கிறீர்கள்? அண்ணன் ஒரு பக்கம் இழுக்கிறார், நீங்கள் ஒரு பக்கம் தள்ளுகிறீர்கள். நடுவில் நான் ஒருத்தி இருப்பது உங்கள் இரண்டு பேருக்கும் ஞாபகம் இல்லை.

நீங்கள் அங்கே வந்து ஆமாம் என்று சொன்னால், நான் உங்களோடு இருந்த இரண்டு வருஷம் எங்கே போகும்? அந்தப் பொய்யை நான் தலையைக் குனிந்து சொன்னேன். நீங்கள் வாயைத் திறந்து சொல்லப் போகிறீர்கள். எனக்காகத்தான், தெரிகிறது. அதனால்தான் இன்னும் கேவலமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வரை இருந்தால் எனக்குத் தைரியம் போய்விடும் என்று நேற்றுச் சாயங்காலமே பெரியவர் வீட்டுக்குப் போனேன்.

ஆம்பளைகள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நைனாவும் இருந்தார், அண்ணனும் இருந்தார். பெண்கள் உள்ளே கதவோரம். "இன்னாம்மா, ஞாயித்துக்கெழம பேசலாம்னு சொன்னமே" என்றார் பெரியவர். நான், "எம் புருஷனுக்கு ஒரு கொறையும் இல்லைங்க" என்றேன். அவர்களுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. இல்லை, கேட்டதையே மறுபடியும் கேட்க ஆசைப்பட்டார்களோ என்னவோ. "சத்தமா சொல்லு" என்றார்கள். சத்தமாகச் சொன்னேன். "அவருக்கு நோவு கையில. முழங்கை நரம்பு நசுங்கிப் பூட்ச்சி. டாக்டருன்னு தேடிக்கினு தப்பான எடத்துக்குப் பூட்டாரு. எனக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சிதான் தலையக் குனிஞ்சேன். தப்பு எம்மேல" என்றேன்.

ஒருவர் இருமினார். உள்ளே யாரோ சிரிப்பை அடக்கியது கேட்டது. அண்ணன் எழுந்து, "மானத்த வாங்கிட்டியேடி" என்று துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். பெரியவர் என் முகத்தைப் பார்க்காமலே, "போம்மா, வூட்டுக்குப் போ, இனி இதுல பேச ஒண்ணும் இல்ல" என்றார். நைனா வீடு வரைக்கும் எனக்கு முன்னாலேயே நடந்தார், திரும்பவே இல்லை. வீட்டுக்கு வந்ததும், "சோறு கீழ கொட்டிச்சி, நானும் பாத்தேன். என்னான்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். கௌரவம் பாத்துட்டேன்" என்றார். அதோடு படுத்துவிட்டார்.

அம்மா பேசவில்லை. அத்தை நெய் ஊற்றவில்லை. காலையில் பம்பு செட்டில் இரண்டு பேர் என்னைப் பார்த்துவிட்டு, ஒரு கொறையும் இல்லியாமே என்று ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டார்கள். குடத்தைப் பாதி நிரப்பிக்கொண்டு வந்துவிட்டேன். செத்துப் போகலாம் போல இருந்தது. ஆனால் சாயங்காலம் பசித்தது, சாப்பிட்டேன்.

கை வராவிட்டால் வராது. மலைக்கு வண்டி ஓட்டாவிட்டால் ஓட்ட வேண்டாம். அதை அப்புறம் பார்க்கலாம். ஆபரேஷன் ஆகி வந்ததும் நான் ஊட்டுவேன், மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளக் கூடாது. இனி வண்டியில் படுக்கிற வேலையும் வேண்டாம். கையை நீட்டிப் படுக்க வேண்டுமாமே, நம் ரூமில் அதற்கு இடம் போதும், நான் சுவரோரம் ஒண்டிக்கொள்கிறேன்.

நீங்கள் இங்கே வராதீர்கள். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் நான் அங்கே வருகிறேன். இந்த ஊரில் இனி என்னால் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. பரவாயில்லை, பஸ்ஸில் உட்கார்ந்துதானே வரப்போகிறேன்.

அம்சவேணி